வானத்துக்கு அஞ்சாதவர், தூசுக்கு அஞ்சினார்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியதும் நான் எடிசனைப் பற்றி எழுதுவதாகத்தான் பேர் கொடுத்தேன். எனக்கு முன்னாலேயே மூணு பேர் எடிசன் என்று கொடுத்திருந்தார்கள். அதனால் மாற்றினேன் என்று மலர்க் குழுவிடம் சொன்னேன். அது பாதி உண்மைதான். மீதி உண்மையைக் கட்டுரையின் நடுவில் சொல்கிறேன்.

நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஹாவர்ட் ஹியூஸ். அமெரிக்கர். விமானம் கட்டியவர், விமானம் ஓட்டியவர், சினிமா எடுத்தவர், பெரும் கோடீஸ்வரர். 1976-ல் செத்துப்போனார். நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு இவர் ஒரு வகையில் சொந்தம். எப்படி என்றால், இவர் குடும்பத்துச் சொத்தெல்லாம் ஒரு டிரில் பிட்டிலிருந்து வந்தது!

டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டிய காலம் அது. அப்போதிருந்த பிட்டுகள் மண்ணைத் தோண்டும். கடும் பாறை வந்தால் மழுங்கிப் போகும். இவருடைய அப்பா, அவர் பேரும் ஹாவர்ட் ஹியூஸ்தான், பல் பல்லாக வெட்டிய இரண்டு கூம்புகள் உருண்டுகொண்டே பாறையை நொறுக்குகிற மாதிரி ஒரு பிட் செய்தார். மொத்தம் 166 வெட்டு முனைகள். 1909-ல் காப்புரிமை கிடைத்தது. அந்த மனுஷன் செய்த புத்திசாலித்தனம் என்னவென்றால், பிட்டை யாருக்கும் விற்கவில்லை, வாடகைக்கு மட்டுமே விட்டார். உலகத்தில் எங்கே பாறையைத் துளைத்து எண்ணெய் எடுத்தாலும் ஹூஸ்டன் நகரத்துக்குப் பணம் வந்துகொண்டே இருந்தது.

அந்த ஹூஸ்டனில் 1905-ல் பிறந்தவர்தான் நம் கதாநாயகன். ஒரே பிள்ளை. சின்ன வயசிலேயே வயர்லெஸ் கருவி செய்தார், சைக்கிளில் மோட்டார் பொருத்தி ஓட்டிப் பத்திரிகையில் படம் வந்தது. ஆனால் வீட்டுக்குள் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அம்மா ஆலீனுக்குப் பையனுக்கு ஏதாவது நோய் தொற்றிவிடுமோ என்று ஓயாத பயம். தினமும் பையனின் பாதம், பல், வெளிக்குப் போவது வரைக்கும் சோதித்துப் பார்ப்பாராம். பக்கத்தில் யாருக்காவது காய்ச்சல் என்று காதில் விழுந்தால் பையனை நகர்த்திக்கொண்டு போய்விடுவார். கோடை முகாமுக்கு அனுப்பினாலும் அங்கே போலியோ வந்துவிடுமோ என்று கடிதத்துக்கு மேல் கடிதம்.

அந்த அம்மாவைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. போலியோவுக்குத் தடுப்பூசி வந்ததே 1955-ல்தான். 1916-ல் அமெரிக்காவில் பெரிய போலியோக் கொள்ளையே வந்து பிள்ளைகள் சாகவும் முடமாகவும் செய்தார்கள். பயப்படக் காரணம் இருந்தது. ஆனால் காரணம் போன பிறகும் பயம் போகாமல் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது? 13 வயசில் ஹியூஸுக்குத் திடீரென்று கால் நடக்க வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். டாக்டர்கள் பார்த்தார்கள், ஒரு நோயும் அகப்படவில்லை. சில மாதத்தில் தானாகச் சரியானது. உடம்பில் இல்லாத நோயை மனசு கொண்டுவந்து வைக்கும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்.

1922-ல் அந்த அம்மா ஒரு அறுவை சிகிச்சையின்போது இறந்துபோனார். இரண்டே வருஷத்தில் அப்பாவும் மாரடைப்பில் போய்விட்டார். அப்போது ஹியூஸுக்கு வயசு 18. எனக்கும் இப்போது 18. நான் செமஸ்டர் கட்டணம் கட்ட வட்டிக்கு ஆள் தேடுகிற வயசில், அவர் சொந்தக்காரர்களின் பங்கை எல்லாம் விலைக்கு வாங்கி மொத்தக் கம்பெனிக்கும் முதலாளி ஆனார். 19 வயசிலேயே கோர்ட்டுக்குப் போய், தான் மேஜர்தான் என்று தீர்ப்பும் வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சினிமா மாதிரி. நிஜமாகவே சினிமாவும் எடுத்தார். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்று முதல் உலகப்போர் விமானப்படம். 1930-ல் வந்தது. வானத்தில் சரியான மேகம் வரட்டும் என்று காத்திருந்து காத்திருந்து எடுத்தாராம். அதை விடுங்கள், நமக்கு முக்கியம் விமானம்தான்.

1932-ல் இந்தக் கோடீஸ்வரர் பேரை மாற்றிச் சொல்லி ஒரு விமானக் கம்பெனியில் சாதாரண வேலைக்குச் சேர்ந்தார், பெரிய விமானம் ஓட்டப் பழகுவதற்காக. பிறகு தானே ஆட்களைச் சேர்த்து எச்-1 என்று ஒரு பந்தய விமானம் கட்டினார். அந்தக் காலத்து விமானங்களில் ரிவெட்டுகளின் தலை வெளியே துருத்திக்கொண்டிருக்கும், காற்று அதில் இடறும். இவர் ஒவ்வொரு ரிவெட்டுத் தலையும் தகட்டோடு தகடாகப் படிந்து வழவழவென்று இருக்க வேண்டும் என்றார். கையால் தடவினால் எங்கேயும் நெருடக்கூடாது. சக்கரங்கள் உள்ளே மடங்கி மறையும். 1935 செப்டம்பரில் அதைத் தானே ஓட்டி மணிக்கு 352 மைல், அதாவது சுமார் 567 கிலோமீட்டர் வேகத்தில் உலக சாதனை. கடைசியில் பெட்ரோல் தீர்ந்து ஒரு தோட்டத்து வயலில் வயிறு தேய இறக்கினார். ஆளுக்கு ஒரு கீறல் இல்லை.

1937 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நியூயார்க் பக்கத்து நெவார்க்குக்கு 7 மணி 28 நிமிடத்தில் போனார். 1938 ஜூலையில் நாலு கூட்டாளிகளோடு நியூயார்க்கில் கிளம்பி, பாரிஸ், மாஸ்கோ, ஓம்ஸ்க், யாகுட்ஸ்க், அலாஸ்கா என்று பூமியை வடக்கே ஒரு சுற்றுச் சுற்றி 91 மணி நேரம் சொச்சத்தில் திரும்பி வந்தார். நியூயார்க் தெருவில் காகிதத் துண்டுகளை மழையாகக் கொட்டி ஊர்வலம் விட்டார்கள். லட்சக்கணக்கான ஜனம். அத்தனை மூச்சுக்காற்றுக்கு நடுவில் காரில் நின்றபடி போனார் அவர். பிற்காலத்தில் ஒரே ஒரு ஆள் எதிரில் நின்று தொண்டையைக் கனைத்தால்கூடத் தாங்காதவர்!

1946 ஜூலை 7. அவர் கட்டிய எக்ஸ்.எஃப்-11 என்ற ராணுவ விமானத்தை முதன்முதலாகத் தானே ஓட்டினார். ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். வலது பக்கத்தில் ஆயில் ஒழுகியதால் பின் புரொப்பெல்லரின் இலைகள் எதிர்க் கோணத்துக்குத் திரும்பிக்கொண்டன. முன்னது இழுக்கிறது, பின்னது தள்ளுகிறது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பெவர்லி ஹில்ஸ் வீடுகள்மேல் விழுந்து தீப்பிடித்தது. பக்கத்தில் இருந்த ஒரு ராணுவ வீரர் ஓடிவந்து இழுத்துப் போட்டார். விலா எலும்புகள் முறிவு, காரை எலும்பு நொறுங்கல், நுரையீரல் சுருக்கம், தீக்காயம். பிழைக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். இவரோ படுத்த இடத்திலிருந்தே கட்டில் சரியில்லை என்று சொல்லி, மோட்டார் வைத்துப் பொத்தானை அழுத்தினால் பகுதி பகுதியாக அசையும் கட்டிலுக்கு வடிவம் சொன்னாராம். வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். பிறகு கோடீன். அந்த மருந்து சாகிறவரைக்கும் அவரை விடவில்லை.

அடுத்த வருஷம் நவம்பர் 2-ம் தேதி உலகத்திலேயே பெரிய விமானத்தைத் தண்ணீரிலிருந்து கிளப்பினார். ஒரு ரெக்கை நுனியிலிருந்து மறு நுனிக்கு 320 அடி, எட்டு எஞ்சின். போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காது என்று மரத்தாலேயே கட்டியது. 70 அடி உயரத்தில் சுமார் ஒரு மைல் பறந்தது, அவ்வளவுதான். மறுபடி பறக்கவே இல்லை. இப்போது ஆரிகன் மாநிலத்தில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது.

இது வரைக்கும் படித்தால் நம்ம யூனியன் ஹாலில் படம் மாட்டலாம் போல இருக்கும் இல்லையா? இனிமேல்தான் எனக்கு வேண்டிய கதை.

பயம் எந்த நாளில் முற்றியது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் கை கழுவுவது. பிறகு கதவுக் கைப்பிடியைத் தொட டிஷ்யூ காகிதம். பிறகு ஒரு காகிதம் போதாது, கனமாக அடுக்கிய காகிதம். வேலையாட்கள் எதைக் கொடுத்தாலும் காகிதத்தைச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும். அவருக்காக டைப் அடிப்பவர்கள் வெள்ளைக் கையுறை போட வேண்டும். பேப்பர் வாங்கினால் ஒரே பேப்பரில் மூணு பிரதி வாங்கி வர வேண்டும், நடுவில் இருக்கிறதை அவர் காகிதம் வைத்து உருவிக்கொள்வார். காது வேறு சரியாகக் கேட்காது அவருக்கு. காது மெஷினின் வயரை அலமாரியிலிருந்து எப்படி எடுப்பது என்பதற்கே ஒரு நீண்ட எழுத்து உத்தரவு. ஒரு சமயம் சினிமா போட்டுப் பார்க்கும் இருட்டறைக்குள் போனவர், மாதக்கணக்கில் வெளியே வரவில்லை. சாக்லேட்டும் பாலும்தான் சாப்பாடு, சுற்றிலும் டிஷ்யூ பெட்டிகள். அதை அடுக்குவார், கலைப்பார், மறுபடி அடுக்குவார்.

எல்லாவற்றிலும் பெரிசு, பழ டப்பாவைத் திறக்க அவர் எழுதிக் கொடுத்த உத்தரவு. நம்ம ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலைக்கு ஆபரேஷன் ஷீட் எழுதுகிறோமே, ஃபேஸிங், டர்னிங், நர்லிங் என்று, அச்சு அசல் அதே மாதிரி 9 கட்டம். மேஜையைத் தயார் செய்வது ஒரு கட்டம். டப்பாவைக் கழுவுவது ஒரு கட்டம். லேபிளை ஊறவைத்து உரித்து, பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். துடைப்பது தனி. கையைக் கழுவுவது தனி. பழத்தை எடுக்கும்போது தலையோ உடம்போ தட்டுக்கு மேலே நீளக்கூடாது, பேசக்கூடாது, இருமக்கூடாது. இதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. ரிவெட்டுத் தலை நெருடக்கூடாது என்று பார்த்தாரே, அதே கண்ணும் அதே மூளையும்தான் இங்கேயும் வேலை செய்கிறது. விமானத்தில் அது சாதனை. பழ டப்பாவில் நோய்.

சிரிக்காததற்கு இன்னொரு காரணம், முதலில் பாதி உண்மை என்றேனே அது.

எங்க வீட்டில் எட்டாவது தாண்டினது நான் ஒருத்தன்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. கொரோனா வந்த 2020-ல் நான் பள்ளிக்கூடத்துப் பையன். கை கழுவு, கை கழுவு என்று டி.வி.யிலும் போனிலும் சொன்னார்கள், கழுவினேன். கொரோனா போன பிறகும் எனக்கு நிற்கவில்லை. பாலிடெக்னிக் சேர்ந்ததும் அதிகமானது. கூலன்ட் வாடை, காட்டன் வேஸ்ட், எல்லாரும் பிடித்த சக் கீ, எதைத் தொட்டாலும் ஏதோ ஒட்டிக்கொண்டது, அது வீட்டுக்கு வந்து தங்கச்சிக்குப் போய்விடும் என்று மனசு சொல்லும். பொய் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் கழுவுவேன். எங்க தெருவில் குழாயில் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு நாள். மற்ற நாளில் அம்மா அடிபம்பில் அடித்துத் தூக்கி வருகிற குடத்தை நான் கைக்கே காலி பண்ணினேன். அம்மா முதலில் சந்தோஷம்தான் பட்டுச்சு, படிக்கிற பிள்ளை சுத்தமா இருக்குன்னு. கை வெடித்து ரத்தம் கசிந்த பிறகுதான் அழுதுச்சு.

கிளாஸில் எனக்கு வைத்த பட்டப்பேர் உங்களுக்கே தெரியும், சோப்பு. அது பரவாயில்லை. ஆனால் ஒரு நாள் ஸ்மித்தி முடிந்து எல்லாரும் வேர்த்து நிற்கும்போது ஒரு நண்பன் தான் குடித்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான். நான் வேண்டாம் என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், மூடியைப் போட்டான், போய்விட்டான். அவன் எதை நினைத்தான் என்று எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. நம்ம ஊரில் ஒருத்தன் கொடுக்கிற தண்ணீரை இன்னொருத்தன் குடிக்க மறுத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அது இல்லைடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் பைத்தியம் என்பான் என்று பயம். எது மேல் என்று நினைத்துப் பார்த்து, பேசாமலே ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன்.

சரி, ஹியூஸிடம் வருவோம்.

1966-ல் அவர் தன்னுடைய டி.டபிள்யூ.ஏ. விமானக் கம்பெனிப் பங்குகளை விற்றார். கையில் 54 கோடி டாலருக்கு மேல். அதே வருஷம் ஜூனில் அவருடைய கம்பெனி கட்டிய சர்வேயர்-1 என்ற கலம் நிலாவில் மெதுவாகப் போய் இறங்கியது. அதே வருஷம் நவம்பரில் அவர் லாஸ் வேகாஸில் டெசர்ட் இன் ஹோட்டலின் ஒன்பதாவது மாடிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஹோட்டல்காரர்கள் அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள். அவர் ஹோட்டலையே விலைக்கு வாங்கிவிட்டார்! அதோடு நிற்காமல் ஊரில் இருந்த வேறு ஹோட்டல்களையும் வாங்கினார். ஆனால் நாலு வருஷம் அந்தப் படுக்கை அறையை விட்டு இறங்கவில்லை. ஜன்னலெல்லாம் அடைப்பு. ஊர்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று பாட்டில் தண்ணீர்தான். பக்கத்துப் பாலைவனத்தில் பூமிக்கடியில் அணுகுண்டு சோதனை நடத்தியபோது, 1968-ல் ஜனாதிபதி ஜான்சனுக்கே கடிதம் எழுதித் தடுக்கப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாதது எதுவோ அதுதான் எதிரி. அணுக்கதிர் விஷயத்தில் அவர் பயம் சரிதான் என்று எனக்குப் படுகிறது. பயந்தவன் சொல்வது எல்லாமே தப்பாக இருக்க வேண்டும் என்று சட்டமா?

இதில் மனசைப் பிசைவது எது தெரியுமா. கிருமிக்கு இவ்வளவு பயந்தவர் குளிப்பதையே விட்டுவிட்டார். முடி தோளுக்குக் கீழே, நகம் சுருண்டுபோய், மாற்றாத படுக்கை. சுத்தம் வேண்டும் என்றுதானே இதெல்லாம், பிறகு ஏன் அழுக்கில் கிடந்தார் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். கழுவ ஆரம்பித்தால் சரியாகக் கழுவ வேண்டும், சரியாகக் கழுவ நாள் பூராவும் ஆகும், அதற்குப் பயந்தே குளிக்காமல் இருந்த நாட்கள் எனக்கும் உண்டு.

சுற்றிலும் உதவியாளர்கள் இருந்தார்கள், டாக்டர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். சொன்னதைச் செய்தார்கள். டப்பாவை 9 கட்டமாகத் திறந்தார்கள், கோடீன் கொடுத்தார்கள். ஐயா, இது நோய், வாங்க பார்ப்போம் என்று கையைப் பிடித்து இழுத்துப்போக ஒருத்தர் இல்லை. அவ்வளவு பணம் இருந்ததால்தான் இல்லை என்பது என் கட்சி. எங்க அம்மாவிடம் அவ்வளவு தண்ணீர் இல்லாததால்தான் என்னை இழுத்துக்கொண்டு போச்சு.

1970 நவம்பரில் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஹோட்டலின் பின்பக்க மாடிப்படி வழியாக இறக்கி பஹாமாஸ் தீவுக்குக் கொண்டு போனார்கள். அப்புறம் ஊர் ஊராக ஹோட்டல் அறைகள். 1972 டிசம்பரில் நிகராகுவாவில் இருந்தபோது பூகம்பம் வந்து ஊரே இடிந்தது. அங்கிருந்து லண்டன்.

லண்டன்! இதே ஊரில்தான் 1966-ல் விக்டர் மேயர் என்ற மனோதத்துவ நிபுணர் இந்த நோய்க்கு ஒரு புது வழியை எழுதி வெளியிட்டிருந்தார். நோயாளி எதைத் தொடப் பயப்படுகிறாரோ அதைத் தொடவைப்பது, பிறகு கழுவ விடாமல் கூடவே இருப்பது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், ஒன்றும் செய்யாமல் விட்டால் தானாக இறங்கும். இறங்கும் என்பதை உடம்பு ஒரு தடவை கற்றுக்கொண்டால் அடுத்த தடவை அவ்வளவு ஏறாது. அதே ஊரில் ஹியூஸ் ஒரு வருஷம் இருந்தார். ஹோட்டல் மாடியில், திரை போட்ட அறையில்.

ஆனால் அங்கே ஒரு அதிசயம் நடந்தது. 1973 ஜூனில் திடீரென்று விமானம் ஓட்ட வேண்டும் என்றார். பல வருஷமாக ஓட்டாதவர். முடி வெட்டி, உடை உடுத்தி, ஹாட்ஃபீல்ட் விமான நிலையத்துக்குப் போய், ஹாக்கர் சிட்லி விமானத்தில் ஒரு கம்பெனி விமானியின் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டினார். அந்நியர் பிடித்த ஸ்டியரிங். அன்றைக்குக் காகிதம் சுற்றினாரா இல்லையா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். ஆகஸ்டில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதோடு படுக்கைதான்.

1976 ஏப்ரல் 5. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில், ஆகாயத்திலேயே உயிர் பிரிந்தது. வயசு 70. ஆறடி நாலு அங்குல உயர மனுஷன், எடை சுமார் 42 கிலோ. சிறுநீரகம் செயலிழந்திருந்தது. எக்ஸ்ரேயில் கைகளுக்குள் ஒடிந்த ஊசி முனைகள் தெரிந்தன. இது ஹியூஸ்தானா என்று உறுதிசெய்யக் கைரேகை எடுத்து எஃப்.பி.ஐ.க்கு அனுப்பினார்கள். ஹூஸ்டனில் அம்மா அப்பா பக்கத்தில் புதைத்தார்கள். பிறகு ரேமண்ட் ஃபௌலர் என்ற மனோதத்துவ நிபுணர் அவருடைய காகிதங்களையெல்லாம் படித்து, இந்தப் பயத்தின் வேர் அந்தச் சின்ன வயசு வீட்டில் இருக்கிறது என்று சொன்னார்.

1953-ல் ஹியூஸ் தன் பேரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியிருந்தார். வரி மிச்சம் பிடிக்கத்தான் என்று பேச்சு. அவர் போன பிறகு அதுதான் பெரிதாக வளர்ந்தது. பாக்டீரியாக்கள் வைரஸிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளும் முறையிலிருந்து மரபணுவை வெட்டும் கருவியைக் கண்டுபிடித்து 2020-ல் நோபல் பரிசு வாங்கிய இருவரில் ஒருவரான ஜெனிஃபர் டௌட்னா அந்த நிறுவனத்தின் விஞ்ஞானிதான். கிருமிக்குப் பயந்தவர் காசு கிருமியை ஆராயப் போனது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு என்று ஒரு அறை இருக்கிறது. ஓ.பி. சீட்டுக்கு எவ்வளவு கூட்டமோ அவ்வளவு கூட்டம், எல்லாரும் நம்மை மாதிரி ஆட்கள்தான். எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்று பேர் சொன்னார்கள். மாத்திரை தந்தார்கள். கூடவே விக்டர் மேயர் வழிதான். முதல் வாரம் வகுப்புக் கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டு பத்து நிமிஷம் கழுவாமல் இருக்க வேண்டும். பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கற்றேன். போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசில்லாமல் தமிழிலேயே பேசுவார்கள், டெலி-மானஸ் என்று பேர்.

இப்போது சக் கீயைப் பிடித்துவிட்டு டிபன் சாப்பிடும் அளவுக்கு வந்திருக்கிறேன், கையை ஒரு தடவை கழுவிவிட்டு. ஒரு தடவைதான். சில நாள் இரண்டு.

பாட்டில் நீட்டிய நண்பன் இந்த மலரைப் படிப்பான் என்று தெரியும், ஏனென்றால் இதே மலரில் அவன் கவிதையும் வந்திருக்கிறது. மலர் கைக்கு வந்த அன்றைக்கு மத்தியானம் நான் ஸ்மித்தி ஷெட் வாசலில் நிற்பேன். தண்ணீர் கொண்டு வாடா. எனக்குத் தாகமாக இருக்கும்.

— இரண்டாமாண்டு, இயந்திரவியல்